விசைப்பலகைத் தேர்வுக் குழுவின் பதினோராவது வாரம்

நகல் பிரிவில் நான்கு மேசைகள் இருந்தன. நான்கிலும் கணினித் திரைகள் இருந்தன. விசைப்பலகை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் காலை ஒன்பதரை மணிக்குத் தட்டச்சர்கள் நான்கு பேரும் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி, விசைப்பலகை இருந்த இடத்தில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்படித்தான் உட்கார வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது. விசைப்பலகை திரும்பி வரும் நாளில் ஊழியர்களின் விரல்கள் வழி மறந்திருக்கக் கூடாது என்று பதிவாளர் கவலைப்பட்டிருந்தார்.

அந்த நீதிமன்றத்தில் நீதிபதி தீர்ப்புச் சொன்னால் மட்டும் போதாது. அவருடைய குறிப்பு நகல் பிரிவுக்கு வர வேண்டும், தட்டச்சாக வேண்டும், இன்னொருவர் அதை மூலத்தோடு ஒப்புநோக்க வேண்டும், பதிவாளர் கையொப்பமிட்டு முத்திரை குத்த வேண்டும், உரியவர் கையில் கொடுக்க வேண்டும். அதுவரை தீர்ப்பு என்பது ஓர் அறைக்குள் சொல்லப்பட்ட நல்ல வார்த்தை மட்டுமே. அதைக் காட்டி யாரும் ஒரு கதவைக்கூடத் திறக்க முடியாது.

பிரிவின் மூத்த தட்டச்சர் இருபத்தாறு வருடமாக அந்த நல்ல வார்த்தைகளைக் காகிதமாக்கி வந்தவர். கடவுள் நம்பிக்கை உள்ளவர். காலையில் வேலை தொடங்குமுன் கண்ணை மூடி ஒரு நிமிடம் பிரார்த்திப்பது அவர் வழக்கம். முன்பெல்லாம், "இன்றைக்கு யார் பெயரையும் தப்பாக அடித்துவிடக் கூடாது" என்று வேண்டிக்கொள்வார். பத்து வாரமாக வேண்டுதல் மாறிவிட்டது. "இன்றைக்காவது இவர்கள் ஒரு முடிவுக்கு வரட்டும்."

முடிவு ஒரு சின்ன விஷயத்தைப் பற்றியது. பிரிவில் இருந்தவை முப்பது வருடப் பழைய விசைப்பலகைகள். வெள்ளையாக வந்து தேநீர் நிறத்துக்கு மாறியவை. ஒன்றைத் தூக்கிப் போட்டால் திருடன் மயங்கி விழுவான் என்கிற கனம். ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சுருள்வில்; அழுத்தினால் அது மடங்கி, டக்கென்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் எழுத்தைத் தரும். இந்த நிலையில் பண்டகசாலை அதிகாரி புதிய விசைப்பலகை ஒன்றை மாதிரிக்கு வரவழைத்தார். அதுவும் விசைக்கு விசை தனித்தனி இயந்திரம் வைத்ததுதான். ஆனால் மெல்லியது, பாதி அழுத்தத்திலேயே எழுத்து விழும், அடியில் நீல விளக்கு எரியும்.

எது நல்லது என்ற கேள்வி எழுந்தது. கேள்வி எழுந்தால் குழு அமைப்பது அங்கே மரபு. பதிவாளர் தலைவர். பண்டகசாலை அதிகாரியும் தொழில்நுட்ப ஆலோசகரும் உறுப்பினர்கள். மூவரில் யாருக்கும் தட்டச்சு தெரியாது. தட்டச்சு தெரிந்தவர்களைக் குழுவில் சேர்க்கலாமா என்று ஆலோசகர் ஒருமுறை கேட்டதற்குப் பதிவாளர் சொன்னார்:

"தினமும் அடிக்கிறவங்களுக்கு ஏற்கெனவே ஒரு அபிப்பிராயம் இருக்கும். அபிப்பிராயம் இருக்கிறவங்க எப்படிங்க நடுநிலையா இருப்பாங்க? நமக்கு ஒண்ணுமே தெரியாது. அதுதான் நம்ம பலம்."

தேர்வு நடக்கும்போது ஒரு வகையை மட்டும் பயன்படுத்திக்கொண்டிருப்பது மற்ற வகைக்கு இழைக்கும் அநீதி என்றும் அவருக்குப் பட்டது. ஆகவே பழையவற்றை அலமாரியில் வைத்து அரக்கு முத்திரை போட்டார்கள். புதியதைப் பெட்டியிலேயே வைத்து முத்திரை போட்டார்கள். தட்டச்சு நின்றது. வழக்குகள் நிற்கவில்லை. தட்டுகளில் கோப்புகள் ஏறிக்கொண்டே போயின.

மூத்த தட்டச்சருக்கு மட்டும் வேலை இருந்தது. குழுவின் நடவடிக்கைகளை எந்த விசைப்பலகையில் அடித்தாலும் அது ஒரு பக்கச் சாய்வாகிவிடும் என்பதால், அவற்றைக் கையால் எழுத அவரை வைத்துக்கொண்டார்கள். அவர் கையெழுத்து அழகானது. பத்து வாரத்தில் நூற்றுப் பதினான்கு பக்கம் எழுதியிருந்தார்.

நகல் பிரிவுக்கு வெளியே கூடத்தில் நீளமான பெஞ்சு ஒன்று உண்டு. நகலுக்குக் காத்திருப்பவர்கள் அதில் உட்காருவார்கள். வாரக்கணக்காக வந்துகொண்டிருந்தவர்களில் ஒருத்தியை அலுவலகமே சித்தி என்று கூப்பிட்டது. அவளுடைய மனுவில் அப்படி இருந்தது: குழந்தையின் சித்தி, தாயின் உடன்பிறந்த தங்கை. துணிக்கடைக்குச் சட்டை தைப்பவர்களிடம் பொத்தான்துளை போடும் வேலை. அக்கா இறந்துபோனாள். ஆறு வயதுப் பெண் குழந்தை காப்பகத்தில் இருந்தது. குழந்தையைச் சித்தியிடம் ஒப்படைக்கலாம் என்று நீதிபதி சொல்லி ஒன்பது வாரம் ஆகிவிட்டது. காப்பகத்தில் காகிதம் கேட்டார்கள்.

"வீட்டுல தையல் மெஷினை ஜன்னல் பக்கம் தள்ளிட்டு ஒரு சின்னக் கட்டில் போட்டிருக்கேன்க்கா," என்றாள் ஒருநாள் மூத்த தட்டச்சரிடம். "புதன்கிழமை ஒரு மணி நேரம் பார்க்க விடுறாங்க. போன தடவை முன்பல்லு விழுந்திருந்துச்சு. சிரிச்சா ஓட்டை தெரியுது. என்கிட்ட கேட்கிறா, 'சித்தி, என் பேரை அடிச்சிட்டாங்களா?'ன்னு."

தட்டச்சர் எழுந்து போய், பழைய காகிதக் கட்டிலிருந்து நல்ல தாள் ஒன்றை எடுத்து, அன்று மாலை முழுவதும் உட்கார்ந்து அந்த உத்தரவைக் கையாலேயே எழுதினார். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. மறுநாள் அதைப் பதிவாளர் முன் வைத்தார்.

பதிவாளர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். கெட்ட மனிதர் இல்லை. படிக்கும்போது அவர் முகம் கொஞ்சம் இளகியது. அதனால்தான் பயந்துவிட்டார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்கம்மா. அதுதான் பிரச்சினை. இந்தக் குழந்தை பேரை எழுதுன இடத்தைப் பாருங்க, எவ்வளவு அக்கறை தெரியுது! நகல்ல அக்கறை தெரியக் கூடாது. இந்தப் பிள்ளைக்கு ஒரு மாதிரி, பக்கத்து வீட்டு வேலித் தகராறுக்கு ஒரு மாதிரின்னு ஆயிடும். எல்லாருக்கும் ஒரே மாதிரி அக்கறை இல்லாம இருக்கணும். அதுக்குத்தான் மெஷின்."

"மெஷின் அலமாரியில இருக்கே ஐயா."

"அதுக்குத்தான் குழு."

தாளை மடித்து அவரிடமே கொடுத்தார்.

குழுவோ சும்மா இருக்கவில்லை. மூன்றாவது வாரம் தபால் பிரிவின் தராசில் இரண்டையும் நிறுத்தார்கள். பழையது இரண்டு மடங்குக்கு மேல் கனத்தது. "ஒரு தீர்ப்பு எவ்வளவு கனமா இருக்கணும்னு ஜனங்க எதிர்பார்ப்பாங்க, அதை யோசிங்க," என்றார் பண்டகசாலை அதிகாரி. நான்காவது வாரம் இரண்டின் மேலும் கரண்டியால் அளந்து தேநீர் ஊற்றினார்கள். பழையது ஒன்றும் நடக்காதது போல் இருந்தது. புதியது மூன்று நிறத்தில் விளக்கெரித்தது. அது கோளாறா கூடுதல் வசதியா என்பதில் கருத்து வேறுபட்டு, தேநீருக்குப் பதில் காபியில் மறுபடி பார்ப்பது என்று ஒத்திவைத்தார்கள். ஆறாவது வாரம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டார்கள். அ என்றால் பழையது, ஆ என்றால் புதியது, ஒன்றில் குறியிட வேண்டும். சித்தி இரண்டையும் விட்டுவிட்டு, கீழே இருந்த வெள்ளை இடத்தில் "எதுவானாலும் சரி, சீக்கிரம்" என்று எழுதினாள். செல்லாத கருத்து என்று அதைத் தனியாகக் கட்டி வைத்தார்கள். அந்தக் கட்டு மற்ற இரண்டு கட்டுகளைவிடப் பெரிதாக இருந்தது.

ஒரே ஒரு முறை தட்டச்சரிடமும் கேட்டார்கள்.

"உங்களுக்கு எதும்மா பிடிக்கும்? சும்மா சொல்லுங்க, பதிவு பண்ண மாட்டோம்," என்றார் ஆலோசகர்.

மாதிரி வந்த அன்றைக்கு அதில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்திருந்த அவர், யோசித்து உண்மையைச் சொன்னார். "நீளமான சாட்சியம் அடிக்க இந்தப் புதுசு நல்லதுங்க, விரல் வலிக்காது. ஆனா இதுல விரலை சும்மா வச்சாலும் எழுத்து விழுந்துடும். பேரு, தேதி அடிக்கப் பழசு நல்லது. நாம மனசார அழுத்தினாத்தான் அது எழுதும். ரெண்டுமே நல்லதுதாங்க. எதுல அடிச்சாலும் வெளியில நிக்கிறவங்களுக்குப் பேப்பர் கிடைச்சிடும்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த மாதிரி ஆட்களைக் குழுவில் சேர்க்காதது எவ்வளவு நல்லதாயிற்று என்ற நிம்மதி அந்தப் பார்வையில் இருந்தது.

ஏழாவது வாரம் ஓசைச் சோதனை வந்தது.

யோசனை ஆலோசகருடையது. "வெளியே உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு உள்ளே வேலை நடக்குதுங்கிற நம்பிக்கை எதுல வருது? சத்தத்துல. இப்ப சத்தம் இல்ல. அதனால மனசு உடைஞ்சு போறாங்க. சத்தத்தைப் பதிவு பண்ணிக் கூடத்துல ஒலிபெருக்கியில விட்டுடுவோம். ஒரு வாரம் பழசோட சத்தம், ஒரு வாரம் புதுசோட சத்தம். எதுக்கு நம்பிக்கை ஜாஸ்தி வருதுன்னு பார்த்துடலாம்."

"வேலை நடக்கலையே?" என்றார் பண்டகசாலை அதிகாரி.

"வேலையை நாம சோதிக்கலையே. நம்பிக்கையைத்தான் சோதிக்கிறோம்."

முத்திரைகளை உடைத்துத் தட்டச்சரின் முன் ஒவ்வொன்றாக வைத்தார்கள். கணினியோடு இணைக்கவில்லை. எதையாவது அடியுங்கள் என்றார்கள். இருபத்தாறு வருடத்தில் அவர் எதையாவது அடித்ததில்லை. விரல்கள் தவித்தன. கண்ணை மூடிக்கொண்டார். கையால் எழுதியதில் மனப்பாடமாகியிருந்த உத்தரவு வந்தது. குழந்தையின் பெயர், வயது, இறந்த தாயின் பெயர், "அவளுடைய தாயின் தங்கையான மனுதாரரிடம் ஒப்படைக்கப்படலாம்" என்பது வரை முழுக்க அடித்தார். எங்கும் ஒரு எழுத்து விழவில்லை. சத்தம் மட்டும் பதிவாயிற்று. பிறகு மறுபடி முத்திரை போட்டார்கள்.

மறுநாள் காலை கூடத்தில் டக் டக்கென்று தட்டச்சு ஓசை கேட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சித்தி ஓடி வந்து கதவோரம் நின்றாள்.

"அக்கா! சத்தம் கேட்குதே! என்னுதுதானே அடிக்கிறாங்க?"

தட்டச்சருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"உன்னுதுதான்மா," என்றார். அது உண்மை. இவ்வளவு மோசமான ஒரு உண்மையை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை.

ஒரு வாரம் ஆனபின் சித்தி கேட்பதை நிறுத்திவிட்டாள். பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் லாரிக்காரர்தான் கேட்டார். ஐம்பது வயது, எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவர். ஒரு விபத்து வழக்கில் அவர்மேல் தப்பில்லை என்று தீர்ப்பாகியிருந்தது. நகல் கிடைத்தால்தான் முடக்கி வைத்த உரிமம் திரும்ப வரும்.

"டைப்பிஸ்டம்மா, சத்தம் ஜோரா இருக்கு. மாவு மில்லுல இவ்வளவு சத்தம் கேட்டா கொஞ்சம் மாவாவது பறக்கும். உங்க மில்லுல என்ன அரைக்கிறீங்க?"

தட்டச்சர் கையிலிருந்த குழு நடவடிக்கைத் தாள்களை நேராக அடுக்கினார்.

"சரி சரி, விடுங்க. உங்களைச் சொல்லி என்ன? நீங்களும் எங்களை மாதிரிதான். எங்களுக்குப் பெஞ்சு, உங்களுக்கு நாற்காலி."

பத்தாவது வாரம் பதிவாளர் இறுதிச் சோதனைக்கான விதிகளைச் சொல்ல, தட்டச்சர் எழுதினார். முப்பத்தோரு விதிகள். பத்தொன்பதாவது விதியைச் சொல்லும்போது பதிவாளர் எழுந்து நின்றுகொண்டார்.

"சோதனை உண்மையான பணியின் எல்லாப் படிகளையும் கடந்தாக வேண்டும். தட்டச்சு, ஒப்புநோக்கல், கையொப்பம், முத்திரை, வழங்கல். ஒரு படி குறைந்தாலும் சோதனை செல்லாது. எழுதிட்டீங்களா?"

"வழங்கல் வரைக்கும் எழுதிட்டேன் ஐயா." பேனா அந்தச் சொல்லின் மேலேயே நின்றுவிட்டது. "எந்த உரையை அடிக்கிறதுங்க?"

அதற்கு மட்டும் அவர்களிடம் ஏற்பாடு இல்லை. பதிவாளரின் ஆண்டு விழா உரையை எடுத்துக்கொள்ளலாம் என்றார் பண்டகசாலை அதிகாரி. அது நாற்பது பக்கம் என்பதால் பதிவாளரே வெட்கத்தோடு மறுத்தார்.

"நிலுவையில இருக்கிற உத்தரவு ஒண்ணை அடிக்கலாமுங்களா?" என்றார் தட்டச்சர். "அடிச்சா அது நிஜமாவே நகல் ஆயிடும். இப்பவே சொல்லிடறேன்."

ஆலோசகர் சந்தேகப்பட்டார். "நிஜ ஆளுக்குப் பயன்பட்டுடுமே? அது சோதனையைக் கெடுக்காதா?"

பதிவாளர் விதித் தாளை வாங்கிப் பத்தொன்பதாவதை மறுபடி படித்தார். "யாரோ ஒருத்தருக்குப் பயன்படுதுங்கிறதுக்காக ஒரு நல்ல காரியத்தைக் கைவிட முடியாது," என்று கடைசியில் சொன்னார். "ஆனா ஒரே ஒரு உரை. ரெண்டு விசைப்பலகையிலும் அதே உரை. வியாழக்கிழமை."

ஒரே ஒரு உரை. புதன்கிழமை முழுவதும் தட்டச்சர் தட்டுகளின் முன் நின்றார். இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு முகம் அவருக்குத் தெரியும். பலருக்கு இன்னும் சில வாரம் பொறுக்க முடியும். இரண்டு பேருக்கு முடியாது. காப்பகத்தில் இடமில்லை என்று குழந்தைகளில் பாதிப் பேரை ரயிலில் ஒருநாள் தூரத்தில் உள்ள வேறொரு காப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். பட்டியலை வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். சித்தியின் குழந்தை அந்தப் பட்டியலில் இருந்தாள். லாரிக்காரரின் முதலாளியோ, திங்கட்கிழமை வண்டியை எடுக்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். உரிமம் கொடுக்கும் அலுவலகம் வெள்ளிக்கிழமையோடு சரி.

பத்து வாரமாகக் குழுவைப் பார்த்து மனத்துக்குள் அலுத்துக்கொண்டிருந்தவருக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்னவென்று இப்போது தெரிந்தது. அவர்கள் முன் இருந்தவை பிளாஸ்டிக். இவர் முன் இருந்தவர்கள் மனிதர்கள். யார் எனக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது என்று நினைத்து, எடுத்த கோப்புகளைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

வியாழன் காலை இரண்டு கோப்புகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் இருவரிடமும் சொன்னார். "ஒண்ணுதான் முடியும். எனக்குத் தெரியலை. நீங்களே சொல்லுங்க."

தலைக்கு மேல், ஓசைச் சோதனை முடிந்தும் நிறுத்தாத ஒலிபெருக்கி அடித்துக்கொண்டிருந்தது.

சித்தி புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். "அண்ணனுக்கும் மூணு பிள்ளைங்க, அக்கா. நான் எப்படி..."

"தங்கச்சி, நீ சும்மா இரு." லாரிக்காரர் எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? பல்லு விழுந்த பிள்ளை உட்கார்ந்து எண்ணிக்கிட்டிருக்கு. டைப்பிஸ்டம்மா, அவ பேரை அடிங்க. எனக்கு வண்டி இல்லைன்னா தள்ளுவண்டி. ஓட்டத் தெரிஞ்சவன் எதையாவது ஓட்டுவான்."

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் போய் வெளியே குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்ததைத் தட்டச்சர் பார்த்தார். வெகுநேரம் கழுவினார்.

சோதனை மூன்று மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. மூன்றே முக்காலுக்குத் தொடங்கியது. முத்திரைகள் சரியாக உள்ளனவா என்று பார்க்க ஒரு பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. பிறகு வரவேற்புரை நடந்தது.

"இன்னைக்கு நாம இங்க ஒரு விசைப்பலகையை மட்டும் சோதிக்கலை," என்றார் பதிவாளர்.

"ரெண்டுங்க ஐயா," என்றார் பண்டகசாலை அதிகாரி.

"ரெண்டை மட்டும் சோதிக்கலை. நம்ம பொறுமையையே சோதிக்கிறோம். பதினோரு வாரமா இந்த நிறுவனம் ஒரு எழுத்துகூட அவசரப்பட்டு அடிக்கலை. இதை எந்த நிறுவனம் செய்யும்?"

முதலில் புதியது. தட்டச்சர் விரல்களை வைத்தார். தொட்டால் ஓடியது, ஆறு நிமிடத்தில் பக்கம் முடிந்தது. பிறகு பழையது. விசைகள் பழைய ஆட்களைப் போல நின்று, அழுத்தினால்தான் அசைந்தன. குழந்தையின் பெயர் வந்தபோது ஒவ்வொரு எழுத்தும் டக், டக்கென்று தனியாகத் திரையில் வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை எழுத்து விழுந்தது. தட்டச்சரின் கண் நிறைந்துவிட்டது. பண்டகசாலை அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்: பழையதில் அடிக்கும்போது கண் எரிச்சல்.

இளைய தட்டச்சர் ஒருத்தி இரண்டு தாள்களையும் மூலத்தோடு ஒப்புநோக்கினாள். இரண்டிலும் பிழை இல்லை. பதிவாளர் இரண்டிலும் கையொப்பமிட்டார். படிக்கவில்லை, மையின் ஊறலை மட்டும் பார்த்தார். முத்திரை விழுந்தது. மணி நான்கு ஐந்து. காப்பகம் பேருந்தில் அரை மணி தூரம்.

"அடுத்து வழங்கல்," என்றார் பதிவாளர். சொல்லிவிட்டு நின்றார். "எதை வழங்கறது?"

யாரும் அதை யோசித்திருக்கவில்லை. பழையதில் அடித்ததைக் கொடுத்தால் பழையதைத் தேர்ந்தெடுத்ததாகிவிடும். புதியதைக் கொடுத்தால் புதியது ஜெயித்ததாகிவிடும். சீட்டுப் போடலாம் என்றார் பண்டகசாலை அதிகாரி. சீட்டில் எழுத வேண்டிய வாசகத்துக்குத் துணைக்குழு வேண்டும் என்றார் ஆலோசகர். பதிவாளர் தலையைப் பிடித்துக்கொண்டார். கதவின் கண்ணாடிக்கு அப்பால் சித்தியின் முகம் தெரிந்தது. மணி நான்கு பன்னிரண்டு.

"ஐயா," என்றார் தட்டச்சர். குரல் அவருக்கே புதிதாகக் கேட்டது. "ரெண்டையும் வழங்கிடலாம். யாருக்கும் பாரபட்சம் இருக்காது."

பதிவாளரின் முகம் விடிந்தது. "பாருங்க! நடுநிலைன்னா இதுதான்! எழுதிக்குங்க, இரண்டும் சம மரியாதையோடு வழங்கப்பட்டன."

தட்டச்சர் எழுதுவதற்கு முன் கதவைத் திறந்தார். இரண்டு தாள்களையும் சித்தியின் கையில் வைத்தார். அவள் படிக்க முயன்றாள். அவசரத்தில் வரி பிடிபடவில்லை. "பேரு சரியா இருக்கா அக்கா?"

"சரியா இருக்கு. ஓடும்மா."

லாரிக்காரர் அதற்குள் தெருவில் இறங்கி, நிறுத்தம் இல்லாத இடத்தில் கையை விரித்துக்கொண்டு ஒரு பேருந்தை மறித்திருந்தார். ஓட்டுநர் திட்டினார். இவரும் பதிலுக்குத் திட்டினார். இரண்டு ஓட்டுநர்களின் பாஷை ஒன்றுதான், கதவு திறந்தது. சித்தி ஏறினாள். தாள்களை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் கம்பியைப் பிடிக்க முடியாமல், யாரோ ஒரு அம்மாள் அவளை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

தட்டச்சர் திரும்பி வந்தபோது குழு உற்சாகமாக இருந்தது.

"என்னம்மா, வழங்கியாச்சா? நல்லது. சோதனை முடிஞ்சுது. நாளைக்குக் காலையில முடிவை அறிவிச்சுடலாம்," என்றார் பதிவாளர். "அப்புறம் கொள்முதல். ஆறு மாசத்துல மெஷின் வந்துடும். அதுவரைக்கும் முத்திரை அப்படியே இருக்கட்டும்."

பதினோரு வாரமாகத் தட்டச்சர் காத்திருந்த முடிவு அதுதான். கண்ணாடிக்கு வெளியே லாரிக்காரர் பெஞ்சில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தார். சும்மாதான் உட்கார்ந்திருந்தார்; வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

"ஐயா, ஒரு சந்தேகம்," என்றார் தட்டச்சர்.

பதிவாளருக்கு அந்தச் சொல் பிடிக்கும். "சொல்லுங்க, சொல்லுங்க."

"ரெண்டு தாளும் வெளியே போயிடுச்சு. எதைப் பார்த்துங்க முடிவு பண்ணுவீங்க?"

மூவரும் மேசையைப் பார்த்தார்கள். மேசை காலியாக இருந்தது. ஆலோசகர் மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். பதிவாளர் மட்டும், தொலைத்த பொருள் கிடைத்தவர் போல மலர்ந்தார்.

"இவ்வளவு நுட்பமா நம்ம யாருக்கும் தோணலையே! அவசரப்பட்டு முடிவு எடுக்க இருந்தோமே! நாளைக்கு மறுசோதனை. அதே விதிகள். பத்தொன்பதாவது விதி உட்பட. அம்மா, நீங்களே ஒரு உரை எடுத்து வையுங்க."

அவர் போய்த் தட்டிலிருந்து விபத்து வழக்குக் கோப்பை உருவினார். இரண்டையும் கொடுத்துவிடலாம் என்று சொன்ன அந்த நொடியிலேயே மேசை காலியாகும் என்பது தனக்குத் தெரிந்திருந்ததா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். தெரிந்திருந்தது. அது அவரை உறுத்தியது. பதினோரு வாரம் இவர்களோடு இருந்து இவர்கள் வித்தையைக் கற்றுக்கொண்டாயிற்று.

கூடத்தில் லாரிக்காரர் தலையைத் தூக்கினார். "என்னம்மா, முடிவு பண்ணிட்டாங்களா?"

"இல்லைங்க. நல்லவேளையா இல்லை. நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க."

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அப்புறம் மறுபடி குழாயடிக்குப் போய் முகம் கழுவினார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணிக்குத் தட்டச்சர் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, வெறும் மேசைமேல் கைகளை வைத்தார். காலையில் சித்தி தொலைபேசியில் அழைத்திருந்தாள், பேசியது அவள் இல்லை, பல் விழுந்த இடத்தில் காற்று கசிய இன்னொரு குரல், "என் பேரை அடிச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தது. இன்றைக்கு லாரிக்காரர். அப்புறம் தட்டில் இருநூற்றுப் பத்து.

கூடத்தில் ஒலிபெருக்கியைப் போட்டார்கள். டக் டக்கென்று சத்தம் தொடங்கியது. அவர் கண்ணை மூடினார். வழக்கமான வேண்டுதல் நாக்குவரை வந்து நின்றுவிட்டது. முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு, இத்தனை வயதில் கடவுளிடம் இப்படிக் கேட்பார் என்று அவரே நினைத்திராத ஒன்றைக் கேட்டார்:

"சாயங்காலத்துக்குள்ள எனக்கு இன்னொரு சந்தேகம் கொடு."